கல்லூரியில் ஐடி வேலைவாய்ப்பு உரை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

துறைத் தலைவர் கூப்பிட்டு, "இந்த செமஸ்டர்ல ஒரு கெஸ்ட் லெக்சர் வைக்கணும், ஆள் பாருங்க" என்பார். நாம் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போடுவோம். யார் வருகிறேன் என்கிறாரோ, அவருக்குத் தெரிந்ததே அன்றைய தலைப்பு. பேனர் அடிப்போம், பொன்னாடை வாங்குவோம், முடிந்ததும் வரிசையாக நின்று போட்டோ எடுப்போம்.

நானும் முதல் இரண்டு ஆண்டு இப்படித்தான் செய்தேன். ஒருமுறை பெரிய நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவர் வந்தார். செயற்கை நுண்ணறிவு, கிளவுட் என்று 70 நிமிடம் நன்றாகவே பேசினார். கடைசியில் மூன்றாமாண்டு கணிதம் படிக்கும் பெண் எழுந்து, "சார், நாலாவது செமஸ்டர்ல எனக்கு ஒரு அரியர் இருக்கு. அப்ளை பண்ணலாமா?" என்று கேட்டாள். "அதை எச்ஆர்கிட்டதான் கேக்கணும்மா" என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு கை உயரவில்லை. அவர் மேல் தப்பில்லை. அந்த அரங்கில் அப்படியொரு கேள்வி காத்திருக்கிறது என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வேலைவாய்ப்புப் பொறுப்பு புதிதாகத் தலையில் விழுந்த கலை அறிவியல் கல்லூரி ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்து வாரம் கையில் வேண்டும். 80 பேர் உட்காரும் அரங்கு, அதே நாள் மதியம் கணினி ஆய்வகம், ஒரு அட்டைப் பெட்டி, முதல்வரின் கையெழுத்து, இவ்வளவுதான் தேவை. பட்ஜெட் பெரிதாக வேண்டாம். ஆனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். சொதப்புவது பெரும்பாலும் வரிசையில்தான்.

1. கேள்வி முதலில், பேச்சாளர் பிறகு

ஐந்து வாரம் முன்பு ஒரு அட்டைப் பெட்டியில் துளை போட்டுத் துறை வாசலில் வையுங்கள். பக்கத்தில் கால் தாள் சீட்டுகள். "ஐடி வேலை பற்றி யாரிடமும் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி. பெயர் வேண்டாம். தமிழில் எழுதலாம்." இந்த மூன்று வரி போதும்.

கூகுள் ஃபார்ம் அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். அனுப்பிப் பார்த்திருக்கிறேன். மின்னஞ்சல் பதிவாகும் என்ற பயத்தில் எல்லாரும் "வாட் இஸ் தி ஃபியூச்சர் ஆஃப் ஐடி" என்று நல்ல பிள்ளையாக எழுதுகிறார்கள். சீட்டில்தான் உண்மை வருகிறது. போன முறை வந்தவற்றில் சில:

"பிபிஓவில் சேர்ந்துவிட்டால் பிறகு டெவலப்பர் ஆக முடியாதா?"

"வீட்டில் சென்னைக்கு அனுப்ப மாட்டார்கள். பக்கத்தில் ஐடி கம்பெனி இருக்கிறதா?"

"40 ஆயிரம் கட்டினால் வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். கட்டலாமா?"

"நான் பிஎஸ்சி இயற்பியல். எங்களை எடுப்பார்களா, இல்லை பிஇ மட்டுமா?"

"எனக்கு இங்கிலீஷ் வராது." இது கேள்வியே இல்லை. ஆனால் வந்த சீட்டுகளில் கிட்டத்தட்ட பாதி இதையே வேறு வேறு விதமாகச் சொன்னது.

ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை மேசையில் கொட்டி குவியல் பிரியுங்கள். தகுதி, மொழி, ஊர், சம்பளம், மோசடி, ஏஐ என்று ஐந்தாறு குவியல் தானாக வரும். பெரிய குவியல்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவைதான் உங்கள் தலைப்பு. எல்லாக் குவியலுக்கும் ஒரே நாளில் பதில் தேட ஆசைப்பட்டால், எல்லாவற்றையும் தொட்டு எதையும் சொல்லாத உரைதான் கிடைக்கும்.

2. தேதியைப் பூட்டுங்கள்

இறுதியாண்டு மாணவர்களுக்கு என்றால் ஜூலை, ஆகஸ்ட். ஆள் எடுக்கும் சுற்றுகள் சூடுபிடிக்கும் முன்பு அவர்களுக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் போய் ரெசுமே எழுதுவது எப்படி என்று பேச வைப்பது, பந்தி முடிந்த பிறகு இலை போடுவது. இரண்டாமாண்டுக்கு ஜனவரி, பிப்ரவரி பொருந்தும். கோடை விடுமுறையில் எதையாவது கற்றுக்கொள்ள நேரம் இருக்கும்.

இன்டர்னல் தேர்வு அட்டவணையையும், நான் முதல்வன் வகுப்பு நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தின் பயிற்சிகள் பாடவேளையிலேயே நடக்கின்றன. அதோடு மோதினால் பாதிக் கூட்டம் வராது.

பேச்சாளர் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. காலாண்டு முடியும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசி வாரங்களில் ஐடியில் இருப்பவர்கள் பலருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அவர்கள் எப்போது ஊருக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னை, பெங்களூரிலிருந்து வரும் பழைய மாணவர்கள் முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துத்தான் லீவு போடுவார்கள். கல்லூரி திறந்திருக்கும் அந்த ஒரு நாளைப் பிடித்தால் பயணச் செலவும் மிச்சம், அவர்களுக்கும் அலைச்சல் இல்லை. ஊர்த் திருவிழாவும் அப்படியே.

நேரம், காலை இரண்டாவது பாடவேளையிலிருந்து மதிய உணவு வரை. மதியம் மூன்று மணிக்கு வைக்காதீர்கள். நாலு மணிக்கு காலேஜ் பஸ் கிளம்பும். மூன்றரைக்கே பைகள் தோளுக்கு ஏறிவிடும். கேள்வி நேரம் அதில்தான் செத்துப்போகும்.

3. குவியலுக்கு ஏற்ற ஆளைத் தேடுங்கள்

பெரிய பதவியில் இருப்பவர் வேண்டும் என்று நிர்வாகம் விரும்பும். பேனரில் நன்றாக இருக்கும். ஆனால் இருபது ஆண்டுக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்றைய முதல் சுற்றுத் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிய வாய்ப்பில்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டு அனுபவமுள்ள, முடிந்தால் உங்கள் கல்லூரியிலேயே படித்தவரை அழையுங்கள். "எனக்கும் ரெண்டு அரியர் இருந்துச்சு" என்று மேடையில் ஒருவர் சொன்னால் அரங்கு நிமிர்ந்து உட்காரும்.

தகுதிக் குவியல் பெரிதாக இருந்தால், ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்க் குவியல் பெரிதென்றால் சென்னைக்கு வெளியே வேலை பார்ப்பவர் வேண்டும். கோவை, மதுரை மட்டும் இல்லை. திருச்சி நவல்பட்டில் அரசின் எல்காட் ஐடி வளாகம் இருக்கிறது, தென்காசி மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ இருக்கிறது, 2024இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் மூன்று ஊரிலும் ஐடி நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்காக்கள் திறந்தார்கள். அங்கிருந்து ஒருவர் வந்து காலை எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறார் என்று சொன்னாலே, சென்னைக்கு அனுப்ப மாட்டார்கள் என்று சீட்டு எழுதியவருக்கு வீட்டில் போய்ப் பேச ஒரு ஆதாரம் கிடைத்துவிடும்.

எல்லாரும் டெவலப்பரையே அழைக்கிறார்கள். டெஸ்டிங், சப்போர்ட், பேரோல் என்று இருப்பவர்களையும் யோசியுங்கள். நம் மாணவர்களில் பலர் முதலில் போய் உட்காரும் நாற்காலி அதுதான்.

ஒரு எச்சரிக்கை. "இலவசமாகவே வந்து பேசுறேன்" என்று தானாக வரும் பயிற்சி நிலையக்காரர்களிடம் கவனமாக இருங்கள். கடைசி பத்து நிமிடத்தில் கோர்ஸ் விற்பார்கள், மாணவர்களின் போன் நம்பரை வாங்கிப் போவார்கள். அதன்பின் ஆறு மாதம் பிள்ளைகளுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். வருகைப் பதிவேட்டில் போன் நம்பர் பத்தியையே வைக்காதீர்கள்.

4. அனுமதி, அழைப்புக் கடிதம்

முதல்வரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே பேச்சாளருக்குக் கடிதம். மாற்றிச் செய்து, தேதி ஒத்துவராமல் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்திருக்கிறது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை பேர், எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்த மொழி, எத்தனை நிமிடம், பயணச் செலவு யாருடையது, மதிப்பூதியம் உண்டா இல்லையா. பணம் பற்றி எழுதக் கூச்சப்படாதீர்கள். எழுதாமல் விட்டால் இருவருக்கும் சங்கடம்.

பல நிறுவனங்களில், நிறுவனத்தின் பெயரில் வெளியே பேச உள் அனுமதி வாங்க வேண்டும். "உங்கள் நிறுவனத்தின் பெயரையும் லோகோவையும் பேனரில் போடலாமா, அல்லது உங்கள் பெயர் மட்டும் போதுமா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் லோகோவைப் போட்டு, போட்டோவை முகநூலில் ஏற்றி, அடுத்த நாள் பதறிப்போய் எடுத்த கதை எல்லாக் கல்லூரியிலும் ஒன்று இருக்கும்.

5. பேச்சாளருடன் அரை மணி நேரம்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். உரை நன்றாக அமைவதும் சொதப்புவதும் இங்கேதான் முடிவாகிறது. பத்து நாள் முன்பு போனில் அரை மணி நேரம் கேளுங்கள். அதற்கு முன் சீட்டுகளில் பதினைந்தைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். பிழை திருத்தாதீர்கள். "இங்லீஷ் பேச வறாது மேடம்" என்று எழுதியிருந்தால் அப்படியே போகட்டும். எதிரில் உட்காரப்போவது யார் என்று அந்த ஒரு வரி அவருக்குச் சொல்லிவிடும்.

நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள். உரை 25 நிமிடம், செய்து காட்டுவது 10 நிமிடம், கேள்விகள் 40 நிமிடம். கேள்விக்கு இவ்வளவா என்று தயங்குவார். முதல் கேள்விகள் நம் கையிலேயே இருப்பதால் அரங்கு அமைதியாகிவிடும் பயம் இல்லை என்று சொல்லுங்கள்.

உரையில் என்ன சொல்வது? அவருடைய முதல் ஆறு மாதம். முதல் தேர்வில் எங்கே விழுந்தார், முதல் நாள் அலுவலகத்தில் என்ன புரியவில்லை, முதல் சம்பளத்தில் எவ்வளவு கைக்கு வந்தது. இதைக் கேட்க மாணவர்களுக்கு வேறு இடமில்லை. பைத்தான் என்றால் என்ன என்பதற்கு யூடியூப் இருக்கிறது.

அவர் இறுதியாண்டில் எழுதிய முதல் ரெசுமேவைக் கொண்டுவரச் சொல்லுங்கள், முகவரியும் போன் நம்பரும் மறைத்து. எங்கள் பழைய மாணவி ஒருவர் கொண்டுவந்தார். திரையில் போட்டதும் முதல் வரியிலேயே ஹார்ட் வொர்க்கிங் என்ற சொல்லில் எழுத்துப்பிழை. கீழே பொழுதுபோக்கு: லிசனிங் மியூசிக். அரங்கே சிரித்தது. பிறகு இப்போதைய ரெசுமேவைப் பக்கத்தில் வைத்து, எந்த வரி ஏன் போனது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கல்லூரி புராஜெக்ட் பற்றிய ஒரு வரி, என்ன செய்தேன், எதில் செய்தேன், யார் பயன்படுத்தினார்கள் என்று மூன்று வரியாக விரிந்திருந்தது. அன்று மதியம் ஆய்வகத்தில் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் ஹாபி வரியை அழித்தார்கள்.

ஏஐ பற்றிய கேள்வி நிச்சயம் வரும். ஜோசியம் சொல்ல வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். "வேலையெல்லாம் போய்விடும்" என்றாலும், "ஒன்றும் ஆகாது" என்றாலும் பிள்ளைகளுக்கு அதனால் பயனில்லை. அவர் தன் அன்றாட வேலையில் எதை ஏஐயிடம் கொடுக்கிறார், எதைத் தானே சரிபார்க்கிறார் என்று செய்து காட்டட்டும். நிறுவனத்தின் நிரல்களை (கோட்) திரையில் காட்டக் கூடாது. ஒரு சின்ன மாதிரிக் கணக்கு போதும். ஏஐ தந்த விடையில் ஒரு தப்பை அவர் கண்டுபிடித்துக் காட்டினால், அடிப்படை ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

மொழி பற்றியும் பேசுங்கள். தமிழில் பேசலாம், கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். முழு ஆங்கிலத்தில் பேசினால் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வளரும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. ஒரே ஒரு உரையில் வளர்ந்த ஆங்கிலத்தை நான் பார்த்ததில்லை.

6. மாணவர்களைத் தயார் செய்யுங்கள்

மூன்று துறையைக் கூட்டி 300 பேரை அடைக்காதீர்கள். எண்ணிக்கை அறிக்கைக்கு அழகு, கேள்விக்கு எதிரி. 80 பேர் போதும், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கட்டும்.

முந்தைய நாள் அரைப் பக்கத்தில் ஒரு சொல் பட்டியல் கொடுங்கள்: சிடிசி (ஒரு ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு), நோட்டீஸ் பீரியட் (வேலையை விடும் முன் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் காலம்), பாண்ட் (குறிப்பிட்ட காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்), பெஞ்ச் (புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது), சர்வீஸ் கம்பெனி (பிற நிறுவனங்களுக்கு வேலை செய்து தருவது), பிராடக்ட் கம்பெனி (சொந்தமாக மென்பொருள் செய்து விற்பது), ஜிசிசி (வெளிநாட்டு நிறுவனம் தன் வேலைக்காக இங்கே நடத்தும் மையம்). பேச்சாளர் இவற்றைப் போகிற போக்கில் சொல்வார். தெரியாதவர்கள் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

சிடிசியை மட்டும் கரும்பலகையில் போட்டு விளக்குங்கள். ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் பிள்ளைகள் 12ஆல் வகுத்து மாதம் 25,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீடு, வேலைத்திறனைப் பொறுத்து மாறும் வேரியபிள் பே எல்லாம் பெரும்பாலும் அந்த 3 லட்சத்துக்குள்ளேயே அடங்கும். ஊழியரின் பிஎஃப் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் வேறு பிடிப்பார்கள். கையில் வருவது 25,000க்கு நன்றாகவே குறையும். முதல் மாதச் சம்பளம் வந்ததும் "ஏமாத்திட்டாங்க சார்" என்று போன் செய்த மாணவனுக்கு இதை நான் முன்பே சொல்லியிருக்கலாம்.

7. அன்றைய நாள்: சடங்குகளைக் குறையுங்கள்

பத்தரைக்கு நிகழ்ச்சி என்றால் கடவுள் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு என்று பதினொன்றே கால் ஆகிவிடும். அந்த 45 நிமிடம் பேச்சாளரின் நேரத்திலிருந்துதான் போகிறது. பிறகு அவர் கேள்வி நேரத்தைத் தின்பார். மொத்தத்தையும் எட்டு நிமிடத்தில் முடியுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, இரண்டு நிமிட வரவேற்பு, முதல்வர் மூன்று நிமிடம். மரியாதை செய்வதெல்லாம் கடைசியில். முதல்வரிடம் இதை முந்தைய நாளே பணிவாகச் சொல்லிவிடுங்கள். மேடையில் சீட்டு அனுப்பி நிறுத்த முடியாது.

காலை ஒன்பதுக்கே பேச்சாளரின் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் போட்டுப் பாருங்கள். புது லேப்டாப் பலவற்றில் எச்டிஎம்ஐ துளையே இருக்காது. அதற்கான அடாப்டர் ஒன்றை வாங்கி வையுங்கள். மைக் இரண்டு, ஒன்று கூட்டத்துக்குள் சுற்றி வர.

ஆசிரியர்களை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு ஆண்டு ஆனது. முன்னால் தன் துறை ஆசிரியர் உட்கார்ந்திருக்கும்போது எந்த மாணவனும் "எனக்கு ஜாவா புரியல" என்று எழுந்து சொல்ல மாட்டான். ஆசிரியர்களுக்குப் பின்வரிசையில் நல்ல நாற்காலி போடுங்கள்.

8. கேள்வி நேரத்தை நீங்கள் நடத்துங்கள்

"எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டுவிட்டு நிற்கக் கூடாது. சீட்டுப் பெட்டியோடு மேடையேறி, முதல் சீட்டை எடுத்துப் படியுங்கள். எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது, நான்காவது சீட்டுக்குள் கைகள் தானாக உயரும். உயர்ந்ததும் பெட்டியை மூடிவிட்டு மைக்கைக் கூட்டத்துக்குள் அனுப்புங்கள்.

பேச்சாளர் தன் நிறுவனத்தின் விதியைப் பொதுவிதிபோலச் சொல்லும்போது குறுக்கிடுவது உங்கள் வேலை. அரியர், மதிப்பெண் சதவீதம், படிப்பில் இடைவெளி எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். "பிஎஸ்சிக்காரர்களை எடுக்க மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். விப்ரோவின் டபிள்யூஐஎல்பி, பிசிஏ, பிஎஸ்சி முடித்தவர்களை எடுத்து வேலையோடு எம்டெக்கும் படிக்க வைக்கும் திட்டம். எச்சிஎல் டெக்பீ என்று பிளஸ் டூ முடித்தவர்களுக்கே வழி வைத்திருக்கிறது. எந்தெந்தப் பாடப்பிரிவு, என்ன நிபந்தனை என்பதை உரைக்கு முந்தைய வாரம் அந்தந்தத் தளத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு மேடையேறுங்கள்.

பணம் கட்டினால் வேலை என்ற சீட்டுக்கு மழுப்பாமல் பதில் வர வேண்டும். வேலை தரும் நிறுவனம் டெபாசிட், பதிவுக் கட்டணம், லேப்டாப் கட்டணம் என்று எந்தப் பெயரிலும் காசு கேட்காது. கேட்டால் அது மோசடி. இதைப் பேச்சாளர் வாயால் சொல்ல வையுங்கள். நாம் சொன்னால் வீட்டில் மாமா சொல்வதுதான் எடுபடும்.

உரை முடிந்ததும் பிள்ளைகள் நம்பர் கேட்டு மொய்ப்பார்கள். "எல்லாரும் எனக்கு ரெசுமே அனுப்புங்க" என்று அவரும் ஆசையாகச் சொல்வார், எண்பது மெயிலைப் பார்த்ததும் மலைத்துவிடுவார். ரெசுமேக்கள் உங்களிடம் வரட்டும். ஐந்தைத் தேர்ந்து அனுப்புங்கள், அவர் திருத்தித் தந்தால் ஐந்தையும் எல்லாருக்கும் காட்டுங்கள்.

9. அன்று மதியமே ஒரு வேலை

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போங்கள். திங்கட்கிழமைக்குத் தள்ளினால் சூடு ஆறிவிடும்.

ஒரே ஒரு வேலை கொடுங்கள். ரெசுமே பெரிய குவியலாக இருந்தால், ஒரு பக்க ரெசுமே. வழிகள் தெரியாதது குவியல் என்றால், தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸ் தளத்தில் பதிவு. பட்டதாரிகள் உதவித்தொகையுடன் தொழிற்பழகுநராகச் சேர அது வழி. அடிப்படை போதவில்லை என்றால் என்பிடெல் இணையவழிப் பாடம் ஒன்றில் சேர்வது. படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்ட வேண்டும். மூன்றையும் ஒரே மதியத்தில் செய்ய வைத்தால் மூன்றும் பாதியில் நிற்கும்.

பதிவின்போது பலருக்குத் தடுமாறும் இடம் பெயர்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால், மின்னஞ்சலோ பன்னிரண்டாம் வகுப்பில் விளையாட்டாகத் தொடங்கியது. பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை அங்கேயே சரிபாருங்கள். ஆஃபர் வந்த பிறகு சரிபார்ப்பில் இதனால் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

10. மூன்று வாரம் கழித்து

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்பு வேலையை இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்: ஜியோ டேக் போட்டோ, வருகைப் பதிவு, கருத்துப் படிவம், சுற்றறிக்கை நகல். தள்ளிப்போட்டால் போட்டோ யார் போனில் இருக்கிறது என்று தேடி ஒரு வாரம் போகும்.

கருத்துப் படிவத்தை நம்பாதீர்கள். எல்லாரும் எக்ஸலன்ட் என்றுதான் டிக் அடிப்பார்கள். மூன்று வாரம் கழித்து வகுப்பில் போய், அன்று தொடங்கியதை எத்தனை பேர் முடித்தார்கள் என்று எண்ணுங்கள். என் முதல் முயற்சியில் 76 பேரில் 19 பேர். அதற்கடுத்த ஆண்டு, நடுவில் ஒருநாள் ஆய்வகத்தை இன்னொரு மணி நேரம் திறந்து வைத்தேன். 41 பேர் முடித்திருந்தார்கள்.

அந்த எண்ணைப் பேச்சாளருக்கு எழுதுங்கள். நன்றிக் கடிதத்தை எல்லாரும் அனுப்புவார்கள். "நீங்கள் பேசிய பிறகு 41 பேர் ரெசுமே முடித்தார்கள், அதில் மூன்றை இணைத்திருக்கிறேன்" என்று யாரும் அனுப்புவதில்லை. நான் அப்படி எழுதி அனுப்பிய இரண்டு பேச்சாளர்களும் அடுத்த ஆண்டு தாங்களாகவே தேதி கேட்டார்கள்.

அன்று படிக்காமல் விட்ட சீட்டுகள் பெட்டியில் இருக்கும். ரப்பர் பேண்ட் போட்டு, மேலே ஆண்டை எழுதி அலமாரியில் வையுங்கள். அடுத்த பேச்சாளரைத் தேடும்போது முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.